விஷ்ணுகிராந்திக்கு ஒரு பெயிண்ட் வாளி

பள்ளிக்கூடம் திறக்கும் நாளன்று என் மனைவி குளித்து, புடவை கட்டி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். எழுந்து போகவில்லை. பெருங்களத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் கணக்கு டீச்சர். வேன் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பதினொரு மணிக்கு நான்தான் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினேன்.

காரணம் கேட்காத ஆள் இல்லை. பையன் புனேவுக்கு வேலைக்குப் போய்விட்டானே, அதனாலா என்றார்கள். அந்த வயசு அப்படி என்றார்கள். யாரோ கண் வைத்திருப்பார்கள் என்று ஒரு அம்மாள் சொன்னபோது, "ஆமாம், உங்க கண்ணுதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அந்த மட்டுக்கு நிம்மதி. காரணம் என்று ஒன்று இருந்தால்தானே அவளே சொல்லுவாள்? கேட்டால் "தெரியலங்க" என்பாள். அவள் பொய் சொல்கிற ஜென்மம் இல்லை.

தாம்பரத்தில் டாக்டரைப் பார்த்தோம். மனச்சோர்வு என்றார், மாத்திரை எழுதினார். "காலையில எழுப்பி கொஞ்ச நேரம் வெளிச்சத்துல நிக்க வைங்க சார், பாதி மருந்து அதுதான்" என்றார். சொல்வதற்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் குவாலிட்டி செக்ஷனில் இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவன். விடிந்தால் அவளை எழுப்புவதுதான் வேலை. காபியோடு எழுப்பினேன். ரேடியோ வைத்து எழுப்பினேன். கத்தி எழுப்பினேன். கெஞ்சினேன். ஒரு நாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லாவற்றுக்கும் "சரி" என்பாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அப்படி ஆறு மாதம் போனது. ஒரு டிசம்பர் காலை, மழை விட்டு நல்ல வெயில். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஓட்டைக் கல் வைத்துக் கட்டிய எங்கள் காம்பவுண்டுச் சுவர், ஓட்டை வழியாக அந்தப் பக்கத்துக் காலி மனை தெரியும். கருவேலமும் உடைந்த பாட்டிலும் யாரோ கொட்டிய டைல்ஸ் துண்டுகளும் கிடக்கிற மனை. அவள் படுத்தபடியே கேட்டாள்.

"அது என்னங்க, நீலமா?"

ஆறு மாதத்தில் அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி. நான் பதில் சொல்லாமல், "தெரியலயே, வந்து பாரு" என்றேன். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவள் எழுந்தாள். நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு சுவர் வரைக்கும் வந்தாள். தரையோடு படர்ந்த சின்னச் செடிகள். இலையெல்லாம் பூனை முடி மாதிரி மெல்லிய ரோமம். அதில் சட்டைப் பட்டன் அளவுகூட இல்லாத நீலப் பூக்கள், நடுவில் கொஞ்சம் வெள்ளை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். "பதினாலு" என்றாள். அடுத்த நாள் அவளாகவே வந்து, "இருபத்தொண்ணு" என்றாள்.

அந்தப் பூ காலையில்தான் விரியும். உச்சி வெயிலுக்கு மூடிக்கொள்ளும். அதனால் பார்க்க வேண்டுமானால் காலையில் எழுந்துதான் ஆக வேண்டும். மூன்று மாதம் அவள் தினமும் எழுந்தாள். சுவரோரம் நின்று காபி குடித்தாள். பிப்ரவரியில் ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். நான் சமையலறையில் போய் நின்று, சத்தம் வராமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். போனில் படம் எடுத்துத் தேடியதில் அதன் பெயர் விஷ்ணுகிராந்தி என்று தெரிந்தது. பல வருடம் வாழும் செடி என்று போட்டிருந்தது. அதை என்னென்ன நோய்க்கு அரைக்கலாம், கொதிக்க வைக்கலாம் என்று மைல் நீளத்துக்கு எழுதியிருந்தார்கள். எப்படி வளர்ப்பது என்று ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

மார்ச்சில் மனை விற்றுப் போனது.

எங்கள் பக்கம் வீடு கட்டும் முறையை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். வெள்ளம் வந்த வருடத்திலிருந்து யார் மனை வாங்கினாலும் அஸ்திவாரத்துக்கு முன்னால் நாலடி கிராவல் மண் கொட்டி உயர்த்திவிடுவார்கள். ரோடு போடுகிறவர்களும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டு உயர்த்துவார்கள். கடைசியாகக் கட்டுகிறவன் மேலே நிற்பான், முதலில் கட்டியவன் வீட்டுக்குள் அவன் தண்ணீர் வரும். நாங்கள் முதலில் கட்டியவர்கள். புரோக்கர் வந்து, "சார், திங்கக்கிழமை லாரி வரும், செவுத்து ஓரம் வண்டி நிறுத்தாதீங்க" என்று சொன்னபோது எனக்கு வண்டி ஞாபகமே வரவில்லை. நாலடி மண்ணுக்குக் கீழே என் மனைவியின் காலை நேரம் போகப் போகிறது, அதுதான் ஞாபகம் வந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தோண்டினேன். மேலே விரல் நீளம் இருக்கிற செடிக்குக் கீழே வேர் கம்பி மாதிரி நேராக இறங்குகிறது. டைல்ஸ் துண்டுகளுக்கு நடுவில் கடப்பாரை போட்டால் வேர் நடுவில் அறுந்தது. ஏழு செடியை ஓரளவு முழுசாக எடுத்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டு நர்சரியில் போய் நல்ல மண் கேட்டேன். என்ன செடி என்று கேட்டார். சொன்னேன். "சார், அது களை. பிடுங்கிப் போடுவாங்க, யாராவது தொட்டில வைப்பாங்களா?" என்றார். வைக்கிறவன் உங்கள் எதிரில்தான் நிற்கிறேன் என்றேன். தென்னை நார்த்தூள், மண்புழு உரம், எரு எல்லாம் கலந்து ஒரு மூட்டை கொடுத்தார். ஏழு தொட்டி, ஏழு செடி. காலையும் மாலையும் தண்ணீர். கைக்குழந்தைக்குப் பார்ப்பது போலப் பார்த்தேன். ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாக அடியில் கறுத்து அழுகியது. பத்தாம் நாள் ஏழும் போய்விட்டது.

அதற்குள் லாரிகள் வந்து போயிருந்தன. செம்மண் எங்கள் சுவர் உயரத்துக்கு நின்றது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "போச்சு" என்றாள். அன்றிலிருந்து மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நர்சரிக்காரரிடம் திரும்பப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் பாவம், ஒரு தொட்டி எடுத்து நீட்டினார். ப்ளூ டேஸ் என்று பெயராம், வெளிநாட்டுச் செடி, இதுவும் அதே ஜாதிதான் என்றார். அதே நீலம், பூ மட்டும் இரண்டு பங்கு பெரிசு. கொண்டுவந்து ஜன்னலில் வைத்தேன். அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது அது இல்லங்க."

"அதே நீலம்தானே?"

"எனக்காக ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைக்காரனிடம் பை வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் வீட்டுச் சாவிக் கொத்தை என் கையில் கொடுத்து, "இனிமே நீங்களே வச்சிக்கங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அது அவள் இடுப்பில் இருந்தது. எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றிலிருந்து மாத்திரைப் பட்டையை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அவள் பாத்ரூமில் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தால் கதவுக்கு வெளியே நின்று எதையாவது கேட்டுக்கொண்டிருப்பேன். துவரம் பருப்பு இருக்கா, பால்காரன் எத்தனை மணிக்கு வந்தான் என்று. பயம் என்றால் என்னவென்று ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன். டாக்டர் மாத்திரையை மாற்றினார், வாரா வாரம் வரச் சொன்னார். போனோம். ஆனால் என் மண்டையில் ஒன்றுதான் ஓடியது. அவளை ஒரு முறை எழுப்பியது அந்தப் பூ. மறுபடியும் அதுதான் எழுப்பும். இதை யாரிடம் சொன்னாலும் எனக்கும் சேர்த்து மாத்திரை எழுதியிருப்பார்கள்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை அவள் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் தேடக் கிளம்பினேன். படப்பை போகிற வழியில் வயலாக இருந்து மனையாகிவிட்ட பெரிய லேஅவுட் ஒன்று உண்டு. பத்து வருடமாக எல்லைக்கு நட்ட மஞ்சள் கல் மட்டும் நிற்கிறது, ஒரு வீடு இல்லை. மே மாத வெயிலில் குனிந்தபடி மனை மனையாக நடந்தேன். எல்லாம் காய்ந்த சருகு. ஒரு கல்லுக்குப் பக்கத்தில் அதே பூனை முடி இலை, பொரித்த மாதிரி பழுப்பாக. உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தேன். பின்னால் குரல் கேட்டது.

"யோவ் சார், இன்னா பண்ணிகினு கீற?"

வாட்ச்மேன். கையில் கழி.

"செடி எடுக்கறேன்."

"செடியா? இங்க இன்னா செடி கீது, எல்லாம் காஞ்சு பூட்ச்சு. கல்ல நவுத்தறியா? போன மாசம் இப்டித்தான் ஒர்த்தன் வந்து ரெண்டடி நவுத்திட்டுப் போனான்."

கையில் இருந்த காய்ந்த குச்சியைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். என்னையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கா வெயில்ல வந்த? வூட்ல சொல்லிட்டு வந்தியா? பேஜார் புடிச்ச ஆளா கீறியே."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. குச்சியைத் திரும்ப வாங்கி, வேரை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக ஈரம் இருந்தது. மேலே செத்த மாதிரி கிடந்து கீழே உயிரோடு இருக்கிற செடி. மழைக்குக் காத்திருக்கிறது. நானும் காத்திருக்க வேண்டியதுதான் என்று புரிந்தது. மூன்று மாதம். அதற்குள் என்ன ஆகும் என்று நினைத்தபோது, சட்டைப் பையில் மாத்திரைப் பட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் நாலு நாள் சாயங்கால மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை அங்கே இருந்தேன். பழுப்புக் குச்சிகளில் பச்சை வந்திருந்தது. இந்த முறை செடியைத் தோண்டவில்லை, தரையைத் தோண்டினேன். ஒரு முழ ஆழத்துக்கு மண்கட்டியோடு பெயர்த்தேன். வாட்ச்மேனே ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தார். நாலு கட்டி, நாலு பெயிண்ட் வாளி. வாளி அடியில் துளை போட்டு, பக்கத்து மனையில் மிஞ்சிக் கிடந்த கிராவலையே மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி நிரப்பினேன். எரு இல்லை, நார்த்தூள் இல்லை, தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு தம்ளர். களைக்குத் தேவை அந்த வறட்டு மண்தான் என்று புரிய எனக்கு ஏழு செடி சாக வேண்டியிருந்தது.

பக்கத்து வீடு அதற்குள் முதல் மாடி எழும்பி, எங்கள் ஜன்னலுக்குக் காலை வெயிலே இல்லாமல் அடித்துவிட்டது. வாளிகளை மொட்டை மாடிக்குத் தூக்கினேன். மூன்று போய்விட்டன. ஒன்று பிடித்துக்கொண்டது.

அவளிடம் சொல்லவில்லை. பூத்த பிறகுதான் காட்ட வேண்டும். "எனக்காக ஒண்ணும் பண்ணாதீங்க" என்று இன்னொரு முறை கேட்க என்னால் முடியாது. காலையில் மாத்திரையும் காபியும் அவள் பக்கத்தில் வைப்பேன், அவள் விழுங்கும் வரை நிற்பேன், பிறகு ஒரே ஓட்டமாக மாடிக்குப் போய்விடுவேன். வெயில் நகர நகர வாளியை நகர்த்துவேன். புறா வந்தால் விரட்டுவேன். விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்ப்பேன். மழை வந்தால் தகரத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு அதன் கீழே நானும் நிற்பேன். தினமும் பாதி நாள் மாடியில்தான். அக்டோபர் கடைசியில் ஒரு காலை இலைக் கக்கத்தில் கடுகளவு மொட்டு. எண்ணினேன், ஐந்து. மூன்றாம் நாள் நுனியில் நீலம் தெரிந்தது. நாளைக்கு விரிந்துவிடும் என்று தெரிந்துவிட்டது.

பெயிண்ட் வாளியோடு அவள் முன்னால் கொண்டுபோய் வைப்பதா? ஒரு நல்ல மண் தொட்டி வாங்கி, வாளியை அதற்குள் இறக்கிக் கொண்டுபோகலாம் என்று தாம்பரம் கிளம்பினேன். அவளைத் தனியாக விட்டுப் போவதில்லை. அன்று படப்பையிலிருந்து என் அக்கா பஸ்ஸில் வந்திருந்தாள். அக்கா வயல் வேலை செய்து வளர்ந்தவள், இப்போது அந்த நிலமெல்லாம் விற்று வீட்டு வாடகை வருமானத்தில் இருக்கிறாள். மாதம் ஒரு முறை வந்து என் மனைவியிடம் இரண்டு மணி நேரம் தானாகவே பேசிவிட்டுப் போவாள். "பாத்துக்க அக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். ஒன்றரை வருடத்தில் அன்றுதான் ரோட்டில் விசிலடித்தபடி ஸ்கூட்டர் ஓட்டினேன்.

தொட்டியோடு நேராக மாடிக்குப் போனேன். கொடியில் படுக்கை விரிப்பு துவைத்துக் காயப் போட்டிருந்தது. அதற்குக் கீழே வாளி இருந்தது. உள்ளே வெறும் கிராவல், நடுவில் ஒரு குழி.

கீழே சமையலறையில் பச்சையாக ஒரு வாசனை. அக்கா ஒரு தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். வடிகட்டியில் வெந்து சுருண்ட தழையும் வேரும் கிடந்தன.

"யாரைக் கேட்டுப் பிடுங்கின?" என்று கத்தினேன். எனக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. "யாரைக் கேட்டு அதுல கை வச்ச?"

அக்கா பயந்துபோனாள். "இன்னாடா இப்டிக் கத்துற? விஷ்ணுகிராந்திடா அது. காய்ச்சலுக்கு வேரோட புடுங்கிக் கஷாயம் வைப்போம். துணி காயப் போடப் போனேன், வாளியில வச்சிக்கினு கீற. தம்பி எவ்ளோ வெவரமா பொண்டாட்டிக்கோசரம் வளத்திருக்கான்னு சந்தோசப்பட்டுகினு புடுங்கினேன். இதுக்குத்தானே வளத்த?"

"எந்தக் காய்ச்சல்?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை.

"மூணு நாளா அனலாக் கொதிக்குது அவளுக்கு. பெட்ஷீட்டு மொத்தமும் வேர்வை. ஒரே வூட்ல கீற, உனக்குத் தெரியாதா?"

உள்ளே போனேன். அவள் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னொரு தம்ளர், பாதி குடித்திருந்தது. கண் சிவந்து, உதடு வெடித்திருந்தது. நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. இந்தக் கை மூன்று நாளாக வாளி மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தொட்டுப் பார்த்த கை. இவளை ஒரு தடவை தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னேங்க. திங்கக்கிழமை. உடம்பு என்னமோ மாதிரி இருக்கு, கொஞ்சம் பக்கத்துல உக்காருங்கன்னு. நீங்க இதோ வரேன்னு மாடிக்குப் போனீங்க."

ஞாபகப்படுத்திப் பார்த்தேன். அவள் சொன்னது ஞாபகம் இல்லை. திங்கட்கிழமை மொட்டு வந்தது மட்டும் ஞாபகம் இருந்தது. நான் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்காரச் சொல்லி அவளாகக் கேட்டிருக்கிறாள். ஒன்றரை வருடமாக நான் எதற்குத் தவம் கிடந்தேனோ அதை அவள் வாயால் கேட்டிருக்கிறாள், நான் இதோ வரேன் என்றிருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக அக்கா வெளியே ஆட்டோ பேசிக்கொண்டிருந்தாள். என் மனைவி தம்ளரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆமா, தினமும் மாடில அப்படி என்னதான் பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு மிச்சக் கஷாயத்தையும் குடித்து முடித்தாள்.